விடைத்தாள் திருத்த ஒரு வழி
விடைத்தாள்களை ஒவ்வொரு மாணவராக முடிக்காமல், ஒவ்வொரு கேள்வியாகத் திருத்துங்கள். கட்டு முழுவதிலும் முதல் கேள்வியை முடித்துவிட்டு, தாள்களைக் கலைத்து அடுக்கி, அப்புறம் இரண்டாவதற்குப் போங்கள். ஒரே விடைக்குறிப்பு மனதில் நிற்பதால் கை வேகமாக ஓடும். சமன்பாட்டைப் பாதியில் விட்டவருக்கு 10-க்கு 4 என்று முடிவு செய்தால், அதே இடத்தில் நின்ற எல்லோருக்கும் அதே 4 கிடைக்கும். முதல் விடையை அழகாக எழுதியவர்மேல் வரும் நல்லெண்ணமும் அடுத்த விடையின் மதிப்பெண்ணை ஏற்றாது. கலைத்து அடுக்குவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். இல்லையென்றால் நாம் களைத்துப்போகும் நேரத்தில் எப்போதும் அதே கடைசி மாணவர்கள்தான் மாட்டுவார்கள், பாவம்.

ஆய்வறிக்கை, நீண்ட கட்டுரைக்கு இது சரிவராது. முழுதாகப் படித்தால்தான் மாணவர் யோசித்த வழி தெரியும். பத்துத் தாள்தான் என்றால் இவ்வளவு மெனக்கெட வேண்டாம்.