பார்ட்டிஷன் போய்விட்டதா? அடுத்த அரை மணி நேரத்தில் செய்யக் கூடாதவை

பார்ட்டிஷனைத் தவறுதலாக அழித்துவிட்டு உதவி தேடி வரும் ஹார்ட் டிஸ்க்குகள் பெரும்பாலும் இரண்டு முறை அடிபட்டிருக்கும். முதல் அடி கை தவறியது. விண்டோஸ் நிறுவும்போது டிரைவ் 0 என்று நினைத்து டிரைவ் 1-ஐ டெலீட் செய்திருப்பார்கள். அல்லது விண்டோஸின் டிஸ்க்பார்ட் கருவியில் எண் மாறி, அட்டவணையை அழிக்கும் கிளீன் கட்டளையைக் கொடுத்திருப்பார்கள். இரண்டாவது அடி, பதற்றத்தில் அதைச் சரிசெய்யப் போய் விழுந்தது. டேட்டாவைக் காவு வாங்குவது அநேகமாக இந்த இரண்டாவதுதான்.

முதல் அடியில் எவ்வளவு போகிறது என்று பாருங்கள். பழைய எம்பிஆர் முறையில், டிஸ்க்கின் முதல் செக்டரான 512 பைட்டில் 446-வது பைட்டிலிருந்து வெறும் 64 பைட்தான், எந்தப் பார்ட்டிஷன் எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் பார்ட்டிஷன் அட்டவணை. நான்கு பதிவு, ஒவ்வொன்றும் 16 பைட். புதிய ஜிபிடி முறையில் முன்னால் 34 செக்டர், அதன் நகல் டிஸ்க்கின் கடைசி 33 செக்டர். 1 டிபி டிஸ்க்கில் இருக்கும் 1953525168 செக்டரில் இது ஒரு தூசு. வாசலில் இருந்த கதவு எண்ணை யாரோ பெயர்த்தெடுத்துவிட்டார்கள், வீடு அப்படியே நிற்கிறது. அந்த நிலையிலேயே வைத்திருந்தால் மீட்பு பல நேரம் சில நிமிட வேலை.

பேக்கப் எடு, மீட்ட ஃபைலை அதே டிஸ்க்கில் சேமிக்காதே என்பதெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவற்றை விட்டுவிடுவோம்.

இனிஷியலைஸ் கேட்டவுடன் ஓகே கொடுப்பது

அட்டவணை இல்லாத டிஸ்க்கைக் கண்டால் விண்டோஸ் டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்தவுடனேயே ‘இனிஷியலைஸ் செய்யட்டுமா’ என்று கேட்கும். கேன்சல் கொடுங்கள். ஓகே கொடுத்தால் டேட்டா முழுவதும் போய்விடாது. ஆனால் ஜிபிடியைத் தேர்ந்தெடுத்திருந்தால் முன்பக்கமும் பின்பக்கமும் புதிதாக எழுதப்படும். முன்பக்க அட்டவணை மட்டும் கெட்டிருந்த டிஸ்க்கில், ஜிபிடி அட்டவணையைத் திருத்தும் ஜிடிஸ்க் கருவியைத் திறந்து மீட்பு மெனுவுக்குப் போய், பின்பக்க நகலிலிருந்து இரண்டு விசையில் எல்லாவற்றையும் திருப்பியிருக்கலாம். அந்த நகலைத்தான் உங்கள் ஓகே அழித்தது.

இன்னொன்று. வெளிப்பெட்டியில் இருந்த டிஸ்க்கைக் கழற்றி நேரடியாக சாட்டா கேபிளில் மாட்டியதும் ‘காலி’ என்று தெரிந்தால், எதுவும் அழியாமலே இருக்கலாம். சில யுஎஸ்பி பெட்டிகள் 512 பைட் செக்டரை 4096 பைட்டாகக் காட்டும். அந்தக் கணக்கில் எழுதிய ஜிபிடி தலைப்பு 4096-வது பைட்டில் கிடக்கும். நேரடி சாட்டாவில் கணினி அதை 512-வது பைட்டில் தேடும், அங்கே ஒன்றும் இருக்காது. பழைய பெட்டிக்குள்ளேயே திரும்ப மாட்டினால் எல்லாம் தெரியும். வேறு சில பெட்டிகளில் உள்ளிருக்கும் சிப்பே டேட்டாவை மறையாக்கம் செய்து எழுதும். பாஸ்வேர்டே போடாதவருக்கும் இது நடக்கும். அந்தப் பெட்டியின் போர்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

உடனே ரீபூட் செய்வது

‘கணினியை உடனே அணை’ என்பது பொதுவாக நல்ல அறிவுரை. லினக்ஸில் ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கின் அட்டவணையை எழுதிக் கெடுத்திருந்தால் மட்டும் நேர்மாறு. அந்த டிஸ்க்கின் பார்ட்டிஷன்கள் மவுன்ட் ஆகியிருந்தால், அதாவது திறந்து பயன்பாட்டில் இருந்தால், பழைய எல்லைகள் லினக்ஸின் மையமான கெர்னலின் நினைவில் இன்னும் அப்படியே இருக்கும். சிஸ் அடைவுக்குள் பிளாக், அதற்குள் டிஸ்க்கின் பெயர், அதற்குள் ஒவ்வொரு பார்ட்டிஷனின் பெயர் என்று போனால் ஸ்டார்ட், சைஸ் என இரண்டு ஃபைல் கிடைக்கும். தொடக்கமும் நீளமும் 512 பைட் செக்டர் கணக்கில் அதில் இருக்கும். காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அதே எண்களைக் கொடுத்துப் பார்ட்டிஷனைத் திரும்பப் போட்டால் எந்த மீட்பு மென்பொருளும் தேவையில்லை. ரீபூட் செய்தவருக்கு இந்த வசதி கிடையாது, அவர் டிஸ்க் முழுவதையும் ஸ்கேன் செய்ய வேண்டியதுதான்.

எல்லை சரியா என்று பார்க்காமல் செக்டிஸ்க், எஃப்எஸ்சிகே ஓட்டுவது

இத்தனை வருடம் ஆகியும் எரிச்சல் குறையாத தவறு இதுதான். டிரைவ் திறக்கவில்லை என்றால் செக்டிஸ்க் ஓட்டு என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அதன் பெயரே பழுது பார்ப்பது போல இருக்கிறது, யாருக்கும் சந்தேகம் வராது.

விண்டோஸில் செக்டிஸ்க், லினக்ஸில் எஃப்எஸ்சிகே: இந்தக் கருவிகளின் வேலை உங்கள் ஃபைலைக் காப்பாற்றுவது அல்ல. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று வைத்திருக்கும் ஃபைல் சிஸ்டத்தின் கணக்கு தனக்குள் முரண்படாமல் இருக்கச் செய்வது. பேரேட்டில் ஒரு வரி பொருந்தவில்லை என்றால் அந்த வரியை அடித்துவிட்டாலும் கணக்கு நேராகிவிடும். விண்டோஸின் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ்ஸில், ஒவ்வொரு ஃபைலின் விவரமும் எம்எஃப்டி என்ற பேரேட்டில் இருக்கும். ஒரு ஃபோல்டரின் பட்டியல் காட்டும் எம்எஃப்டி பதிவு செல்லாததாக இருந்தால் செக்டிஸ்க் அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கும். ஃபோல்டர் இல்லாமல் அநாதையாக நிற்கும் ஃபைல்களை ஃபவுன்ட்.000 என்ற ஃபோல்டரில் கொட்டும். எந்த இடம் காலி, எந்த இடம் நிரம்பியது என்ற வரைபடத்தையும் திருத்தி எழுதும். எல்லாமே டிஸ்க்கின் மேல் நடக்கும் எழுத்து, திரும்பப் பெற வழி கிடையாது. பார்ட்டிஷனின் எல்லை சரியாக இருந்து, மின்சாரம் போனதால் ஃபைல் சிஸ்டம் மட்டும் குழம்பியிருந்தால் இது நல்ல மருந்து. எல்லையே தவறாக இருக்கும்போது கருவி பார்க்கும் ‘முரண்’ உண்மையான முரணே இல்லை.

லினக்ஸில் அடிக்கடி பார்ப்பது இது. லினக்ஸின் வழக்கமான ஃபைல் சிஸ்டமான ஈஎக்ஸ்டி4 உள்ள 900 ஜிபி பார்ட்டிஷனை 400 ஆகக் குறைக்க வேண்டும். முதலில் ரீசைஸ்2எஃப்எஸ் கொண்டு ஃபைல் சிஸ்டத்தைச் சுருக்கி, அதன் பிறகு பார்ட்டிஷனைச் சுருக்க வேண்டும். புதியவர் பார்ட்டிஷன் அட்டவணையை மாற்றும் எஃப்டிஸ்க்கைத் திறந்து நேரே பார்ட்டிஷனைச் சுருக்கிவிடுகிறார். ஃபைல் சிஸ்டம் இன்னும் தன்னை 900 என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது. மவுன்ட் செய்தால் ‘பிளாக் எண்ணிக்கை டிவைஸின் அளவை விடப் பெரிது’ என்று கெர்னல் மறுக்கும். இந்த நொடி வரை ஒரு பைட்கூட இழக்கவில்லை.

உடனே எஃப்எஸ்சிகே. அது தொடங்கும்போதே ஒரு எச்சரிக்கை கொடுக்கும்: சூப்பர்பிளாக்கின்படி (ஃபைல் சிஸ்டம் தன் அளவை எழுதி வைத்திருக்கும் இடம்) ஃபைல் சிஸ்டம் இவ்வளவு, டிவைஸின் உண்மையான அளவு இவ்வளவு, சூப்பர்பிளாக்கோ பார்ட்டிஷன் அட்டவணையோ கெட்டிருக்க வேண்டும். அதன் கீழே ‘அபார்ட்?’ என்று கேட்கும். நிறுத்தட்டுமா என்று அர்த்தம். அதற்கு அவர்கள் தட்டுவது ‘நோ’. நிறுத்தாதே, சரிசெய் என்கிறார்கள்! கருவி கையைப் பிடித்து இழுத்துத் தடுத்தும் உதறிவிட்டுப் போகிறார்கள். அதன் பிறகு 400 ஜிபி எல்லைக்கு அப்பால் இருக்கும் ஒவ்வொரு பிளாக்கும் செல்லாத முகவரி. அவற்றைக் காட்டும் ஐநோடுகளை, அதாவது ஃபைல்களின் விவரப் பதிவுகளை, ஒவ்வொன்றாக அது வெட்டத் தொடங்கும். பெயர் இருக்கும் ஃபைல்களில் உள்ளடக்கம் பாதியில் நிற்கும்.

செய்ய வேண்டியது சிறிய வேலை. எஃப்டிஸ்க்கில் அந்தப் பார்ட்டிஷனை நீக்கி, அதே தொடக்க செக்டரில், பழைய முடிவு செக்டர் வரை மறுபடி உருவாக்குவது. விஸ்டாவுக்குப் பிந்தைய கருவிகள் பெரும்பாலும் முதல் பார்ட்டிஷனை 2048-வது செக்டரில் தொடங்கும், எக்ஸ்பி காலத்துப் பார்ட்டிஷன் 63-ல் தொடங்கும். உருவாக்கும்போது ‘இங்கே ஈஎக்ஸ்டி4 அடையாளம் இருக்கிறது, நீக்கட்டுமா’ என்று புதிய எஃப்டிஸ்க் கேட்கும். அங்கே ‘நோ’. மேலே சொன்ன இடத்தில் யெஸ், இங்கே நோ. பலர் இரண்டையும் சரியாகத் தலைகீழாகச் செய்வார்கள்.

விண்டோஸில் இதே தவறு வேறு உருவத்தில் வரும். ஒரு டிஸ்க் முன்பு 100 ஜிபி சி, மீதி டி என்று பிரிக்கப்பட்டிருந்தது என்று வையுங்கள். பிறகு 200 ஜிபி சி, மீதி டி என்று மாற்றி, ஃபார்மட் செய்து, சில வருடம் பயன்படுத்தினார்கள். இப்போது அட்டவணை போய்விட்டது. மீட்பு மென்பொருள் தேடும்போது 100-வது ஜிபியில் பழைய டி-யின் பூட் செக்டர், அதாவது அதன் தொடக்க அடையாளம், இன்னும் சாகாமல் கிடக்கலாம். அதைத் திருப்பி எழுதினால் விண்டோஸ் அதற்கு ஒரு எழுத்து கொடுத்து மவுன்ட் செய்துவிடும். உள்ளே ஒரே குழப்பமாக இருப்பதைப் பார்த்து ‘ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ்’ என்று அழைக்கும், அல்லது அடுத்த பூட்டில் தானே ஓடும். செத்துப்போன டி-யின் கணக்கை நேராக்க அது எழுதும் செக்டர்கள் இன்றைய சி-யின் அல்லது டி-யின் ஃபைல் உட்கார்ந்திருக்கும் இடம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிவது என்றால் இதுதான். பூட் ஆகும்போது சோதனை தானாகத் தொடங்கினால், எண்ணிக்கை ஓடும் அந்தச் சில நொடிக்குள் ஏதாவது ஒரு விசையைத் தட்டி நிறுத்துங்கள்.

நோய் என்ன என்று தெரிய வேண்டுமானால் எழுதாமல் பார்க்க வழி உண்டு. எஃப்எஸ்சிகேவில் ‘என்’ சுவிட்ச் போட்டால் பார்க்க மட்டும் செய்யும். செக்டிஸ்க்கை ‘எஃப்’ சுவிட்ச் இல்லாமல் ஓட்டினாலும் அப்படியே. ஈஎக்ஸ்டி4-ஐ ‘ரீட் ஒன்லி’ என்று மவுன்ட் செய்தால் போதும் என்று நினைக்காதீர்கள். எழுதப்போவதை முன்கூட்டிக் குறித்து வைக்கும் ஜர்னலில் மீதமிருப்பதை அது அப்போதும் டிஸ்க்கில் எழுதும், ‘நோலோட்’ விருப்பத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

டெஸ்ட்டிஸ்க்கில் பட்டியலைப் பார்த்ததும் ரைட்

டெஸ்ட்டிஸ்க் பார்ட்டிஷனைத் தேடி மீட்கும் மென்பொருள். இலவசம், இந்த வேலைக்கு இதைவிட நல்லது குறைவு. கண்டுபிடித்த அட்டவணையை டிஸ்க்கில் எழுதுவது அதன் ‘ரைட்’. அனலைஸ், குயிக் சர்ச் முடிந்து பட்டியல் வந்ததும் ஒவ்வொரு பார்ட்டிஷனின் மேலும் நின்று ‘பி’ விசையைத் தட்டுங்கள். ஃபைல் பெயர்கள் உங்களுடையவையாகத் தெரிந்தால் அது நிஜம். பட்டியல் வராவிட்டாலோ பழைய காலத்து ஃபைல்கள் வந்தாலோ மேலே சொன்ன, செத்துப்போன டி போன்ற பழைய பார்ட்டிஷனின் ஆவிதான். டீப்பர் சர்ச்சில் இந்த ஆவிகள் அதிகம் கிளம்பும், ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். டிஸ்க் போதவில்லை என்று செய்தி வந்தால், முடிவு செக்டர் டிஸ்க்கைத் தாண்டிப் போகும் ஒரு பார்ட்டிஷன் பட்டியலில் இருக்கிறது என்று பொருள்.

அவசரமான ஃபைல் மட்டும் வேண்டுமென்றால் ரைட் தேவையே இல்லை. அதே பட்டியலில் தேர்ந்தெடுத்து பெரிய ‘சி’ விசையால் வேறு டிஸ்க்குக்கு நகல் எடுத்துவிடலாம். அட்டவணையை அதன் பிறகு நிதானமாக எழுதிக்கொள்ளலாம்.

போட்டோரெக்கில் தொடங்குவது

போட்டோரெக் ஃபைல் சிஸ்டத்தைப் பார்க்காது, ஃபைலின் தொடக்கக் குறியை வைத்துத் தேடும். பெயர் இருக்காது, ஃபோல்டர் இருக்காது, துண்டு துண்டாகக் கிடந்த பெரிய வீடியோக்கள் உடைந்தே வரும். பார்ட்டிஷன் அட்டவணை மட்டும் போன டிஸ்க்கில் இதை ஓட்டிவிட்டு, பெயரில்லாத 60,000 படத்தை உட்கார்ந்து பிரிப்பது வீண் தண்டனை. வேறு எதுவும் கைகொடுக்காதபோது எடுக்க வேண்டியது இது.

முழு ஃபார்மட், கிளீன் ஆல்

விஸ்டா முதல் குயிக் டிக்கை எடுத்துவிட்டு ஃபார்மட் செய்தால் எல்லா செக்டரிலும் சுழியம். டிஸ்க்பார்ட்டின் ‘கிளீன் ஆல்’ கட்டளையும் அப்படியே. மீட்பு கிடையாது.

டிஸ்க் முனகும்போது ஸ்கேன் செய்வது

கிளிக் சத்தம் வந்தாலோ, டிஸ்க் தன் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் தகவலில் பென்டிங் செக்டர் (படிக்கத் திணறும் செக்டர்) ஏறிக்கொண்டே போனாலோ, எதையும் ஸ்கேன் செய்வதற்கு முன் டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் கருவி கொண்டு முழு டிஸ்க்கையும் நகல் எடுங்கள். முதல் சுற்றில் ‘என்’ சுவிட்ச் போட்டு எளிதாகப் படிப்பதை மட்டும் எடுக்க வேண்டும். இரண்டாம் சுற்றில் ‘ஆர்’ சுவிட்சில் 3 கொடுத்து, விட்டுப்போனதைத் திரும்ப முயலலாம். எதுவரை படித்தது என்று குறித்து வைக்கும் மேப் ஃபைலின் பெயரைக் கொடுக்க மறந்தால் பாதியில் நின்ற வேலையைத் தொடர முடியாது. கட்டளையில் முதலில் மூல டிஸ்க், பிறகு இலக்கு டிஸ்க். மாற்றிக் கொடுத்தால் காலி டிஸ்க் உங்கள் டேட்டாவின் மேல் எழுதப்படும். டிரைவ் பெயரை நம்பாமல் சீரியல் எண்ணை டிஸ்க் மேல் ஒட்டியிருக்கும் தாளோடு ஒப்பிடுங்கள்.

எஸ்எஸ்டியிலும் அதே நிதானம்

எஸ்எஸ்டியில் குயிக் ஃபார்மட் கொடுத்தால் ‘இந்த இடம் இனி வேண்டாம்’ என்று டிரைவுக்குச் சொல்லும் டிரிம் கட்டளையையும் விண்டோஸ் சேர்த்து அனுப்பும். லினக்ஸில் ஈஎக்ஸ்டி4 உருவாக்கும் கட்டளையும் வழக்கமாக முதலில் அதைத்தான் செய்யும். டிரிம் போன இடத்தைப் படித்தால் பெரும்பாலான டிரைவ்கள் சுழியத்தையே கொடுக்கும். அட்டவணை மட்டும் போயிருந்தால் நம்பிக்கை உண்டு, ஃபார்மட் செய்திருந்தால் மிகவும் குறைவு. ‘ஹார்ட் டிஸ்க்தானே’ என்றும் தைரியமாக இருக்க முடியாது. தடங்களை ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி எழுதும் எஸ்எம்ஆர் வகை ஹார்ட் டிஸ்க்குகள் சிலவும் டிரிம்முக்குக் கீழ்ப்படியும்.

மறையாக்கம் செய்த பார்ட்டிஷன்

விண்டோஸின் மறையாக்க வசதியான பிட்லாக்கர் தன் குறிப்புகளை மூன்று இடத்தில் வைத்திருக்கும். 48 இலக்க மீட்பு எண் கையில் இருந்தால் ரிப்பேர்-பிடிஈ கட்டளையால் வேறொரு டிஸ்க்குக்கு எடுக்க வாய்ப்புண்டு. லினக்ஸின் மறையாக்க முறையான லக்ஸ் அப்படி அல்ல. பார்ட்டிஷனின் தொடக்கத்தில் இருக்கும் தலைப்பில்தான், லக்ஸ்2-ல் வழக்கமாக 16 எம்பி, சாவிகள் இருக்கும். அதன் மேல் புதிய ஃபைல் சிஸ்டம் ஏறிவிட்டால் பாஸ்வேர்ட் சரியாகத் தெரிந்தும் பயனில்லை. தலைப்பின் நகலை முன்பே லக்ஸுக்கான கிரிப்ட்செட்டப் கருவி கொண்டு எடுத்து வேறு இடத்தில் வைத்திருந்தால் மட்டுமே டிஸ்க் திறக்கும்.