குளிர்நாட்டு யோசனையைப் பினாங்குத் தோட்டத்தில் இறக்காதீர்கள்

கோழி, பழமரம், தேனீ மூன்றையும் வீட்டுக்குப் பின்னால் வளர்க்கச் சொல்லித்தரும் காணொளிகளில் பல, குளிர்நாடுகளில் எடுத்தவை. அந்த ஊருக்கு அவை சரி. பட்டர்வொர்த்திலும் பாலிக் புலாவிலும் அப்படியே செய்தால் நட்டம்தான்.

பனிக்காற்றைத் தடுக்க நாலு பக்கமும் பலகை அடித்த கூண்டைப் பார்த்து இங்கேயும் அடிக்கிறார்கள். கோழிக்கு வியர்க்காது. நண்பகலில் அலகைத் திறந்து மூச்சிரைத்துக்கொண்டு, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி நின்றால் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். மூன்று பக்கம் வலையாக விடுங்கள். தகரத்துக்குப் பதில் அத்தாப்பு என்னும் பனைவகை ஓலைக் கூரை இன்னும் நல்லது. வலையில் மட்டும் சிக்கனம் வேண்டாம். மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே வைக்கும், மூசாங்கை, அதாவது மரநாயை, வெளியே நிறுத்தாது. குட்டி மலைப்பாம்பு அந்த வலையின் ஓட்டைக்குள்ளேயே நுழைந்துவிடும். அரை அங்குல ஓட்டையுள்ள கெட்டிக் கம்பிவலை போடுங்கள்.

ஆப்பிள் கன்று வாங்காதீர்கள். நீண்ட குளிர் இல்லாமல் பெரும்பாலான ரகங்கள் ஒழுங்காகப் பூக்காது. எலுமிச்சையும் முருங்கையும் போதும். கோழி எருவைப் பச்சையாக வேரில் கொட்டினால் வேர் கருகும். காய்ந்த இலையோடு மக்கவைத்துப் போடுங்கள்.

தேனீயில்தான் மனம் பதறுகிறது. குளிர்நாட்டில் ஒரு பெட்டிக்கு 25 கிலோவுக்கு மேலும் தேன் விட்டுவைப்பார்கள். பனிக்காலத்தை அதைத் தின்றுதான் தேனீக்கள் கடக்கும். இங்கே பனி இல்லையே என்று, கொட்டாத தேனீயான கெலுலுட்டின் பெட்டியை ஒட்ட உறிஞ்சிவிடுகிறார்கள். தொடர்மழையில் கெலுலுட்டும் இரை தேடப் போக முடியாது. செப்டம்பர், அக்டோபர் மழைக்கு முன்பு கெலுலுட் கூட்டுக்குள் தேன் சேர்க்கும் சின்னப் பானைகளில் பாதியையாவது தொடாமல் விடுங்கள். மகரந்தப் பானைகளில் கை வைக்கவே வேண்டாம், குஞ்சுகளுக்கு உணவு அதுதான். எடுத்த தேனைக் குளிர்பெட்டியில் வையுங்கள். நீர்ச்சத்து அதிகம் என்பதால் வெளியில் புளித்துப் பொங்கும்.

குளிர்நாட்டுக் காணொளி சொல்லாத ஆபத்து ஒன்று இங்கே உண்டு: டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அடிக்கும் புகை. அந்த மருந்து தேனீயையும் கொல்லும். உங்கள் தாமானில் (குடியிருப்பில்) புகை அடிக்கும் அறிவிப்பு வந்தால், முதல் நாள் இருட்டியதும் தேனீக்கள் கூடு திரும்பிய பிறகு, நுழைகுழாயை மெல்லிய வலையால் அடைத்து, பெட்டியை ஈரத்துணியால் போர்த்துங்கள். புகை முழுக்கக் கலைந்த பிறகு திறந்தால் போதும். கோழிக்கு வைத்த தண்ணீரையும் அப்போதே கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள்.