பள்ளிக்கூடத்தில் 'செட்டு' சேர்கிறதா? ஸ்டாஃப் ரூமில் இருந்து தொடங்குங்கள்

தர்மபுரி மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பாடம் எடுக்கிறேன், அதற்கு முன்னால் சில வருடம் கிருஷ்ணகிரி பக்கம் இருந்தேன். இரண்டு இடத்திலும் ஸ்டாஃப் ரூமில் கேட்ட பேச்சு ஒன்றுதான்: "பிளஸ் ஒன் பி செக்‌ஷன்ல ஒரு செட்டு இருக்கு சார், எல்லாம் ரவுடிப் பசங்க." சரி, அதில் யார் யார், என்ன செய்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கு ஒரு பட்டியல் சொல்வார்கள். கணக்கு வாத்தியாருக்கு நோட்டு எழுதாதவன் எல்லாம் செட்டு, பி.டி. சாருக்குத் தலைமுடியில் கோடு இழுத்தவன் செட்டு, ஹெச்.எம்.முக்கு பைக்கில் வருகிறவன் செட்டு. ஆளுக்கு ஒரு கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் உண்மையில் அடிபடுகிற பையன் யார் கண்ணிலும் படமாட்டான். அதனால் பசங்களிடம் போவதற்கு முன்னால் நம் பார்வையைச் சரிசெய்ய வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை மணி அடித்த பிறகு 20 நிமிடம் எல்லோரும் உட்காருங்கள். ஆசிரியர்கள் மட்டும் போதாது. சத்துணவு சமைக்கிற அக்கா, வாட்ச்மேன் அண்ணன், வளாகம் கூட்டுகிற அம்மா எல்லோரையும் கூப்பிட்டு நாற்காலி போடுங்கள், நிற்க வைத்துக் கேட்காதீர்கள். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், முன்பு நான் இருந்த பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் தட்டில் சோறு வாங்கி, முட்டையை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போவான், திரும்பி வரும்போது கையில் முட்டை இருக்காது. சத்துணவு பத்தாம் வகுப்பு வரைதான், அந்த முட்டை போன இடம் ஒரு பிளஸ் டூ பையனின் வாய். இது பல வாரம் நடந்திருக்கிறது. சமையல் அக்கா தினமும் பார்த்திருக்கிறார், நாங்கள் யாரும் அவரிடம் கேட்கவில்லை. முட்டைக்குப் பிறகு பஸ் காசு, அதற்குப் பிறகு புகையிலைப் பொட்டலம் வாங்கி வரும் வேலை என்று அந்தச் சின்னப் பையன் மேல் ஏறிக்கொண்டே போனது. நாங்களோ அவனையும் அந்த 'செட்டு' பட்டியலில்தான் எழுதி வைத்திருந்தோம்.

கூட்டத்தில் "எவன் ரவுடி" என்ற கேள்வியே வரக்கூடாது. என்ன பார்த்தீர்கள், எந்த இடம், எத்தனை மணி, கூட யார் இருந்தார்கள், அவ்வளவுதான். ஒரு நோட்டில் ஒருவர் எழுதட்டும். மூன்று வாரம் எழுதினால் கழிப்பறைப் பக்கம், சைக்கிள் ஸ்டாண்டு, சாயங்கால பஸ் நிறுத்தம் என்று ஏதோ ஓர் இடமும் நேரமும் தானாகத் தெரிய வரும். அந்த நேரத்தில் அந்த இடத்தில் ஒரு பெரியவர் சும்மா நின்றாலே பாதி அடங்கும்.

அப்புறம், எதைக் கணக்கில் எடுப்பது, எதை விடுவது? எங்கள் ஊர்ப் பக்கம் எருது விடும் விழா வந்தால் பசங்க ஒரே நிறத்தில் டி-ஷர்ட் போட்டு, காளை பேரில் பேனர் கட்டி, ஸ்டேட்டஸ் வைத்துத் தள்ளுவார்கள். கபடி டீமும் அப்படித்தான். அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: அந்தக் கூட்டத்தில் இருந்து ஒரு பையன் நாளைக்கு விலக நினைத்தால் விடுவார்களா? விலகினால் அடி, இல்லை என்றால் காசு, இல்லை என்றால் அவன் போட்டோவை வெளியில் விடுவேன் என்ற மிரட்டல் இருந்தால் அது நட்பு இல்லை. பிறந்தநாள் கேக்கை வாளால் வெட்டி ரீல்ஸ் போடுவதும், பள்ளி விடும் நேரத்தில் படிப்பை விட்ட அண்ணன்மார் பைக்கோடு கேட்டில் காத்திருப்பதும் உடனே பேச வேண்டிய விஷயங்கள்.

சிகாகோவில் 1,313 கும்பல்களை ஆராய்ந்து 1927-இல் எழுதிய சமூகவியலாளர் ஃபிரெடரிக் த்ராஷர், விளையாட்டாகச் சேர்கிற பசங்களை இறுக்கிக் கட்டுவதே வெளியில் இருந்து வரும் மோதல்தான் என்றார். சிகாகோ வேறு, பென்னாகரம் வேறுதான், ஆனாலும் பிரேயரில் எட்டுப் பேரை மேடையேற்றி "இவனுங்கதான் நம்ம ஸ்கூல் ரவுடிங்க" என்று மைக்கில் சொன்ன அன்றைக்கு, அதுவரை பெயர் இல்லாமல் இருந்த கூட்டத்துக்கு நாமே பெயர் வைக்கிறோம். அடித்தாலும் அதே கதைதான், அவனுக்கு கெத்து ஏறும். மாணவரை அடிப்பதையும் மனதளவில் வதைப்பதையும் 2009 கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

கைக்கயிறு பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் உடன் படித்தவர்களே ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம் எல்லாவற்றையும் பள்ளியில் தடை செய்யச் சொன்னது. அதெல்லாம் தெற்கத்திக் கதை என்று நாம் தள்ளிவிட முடியாது, 2012-இல் சாதி வன்முறையில் நத்தம் காலனி எரிந்தது நம் மாவட்டத்தில்தான். கயிற்றைக் கழற்றச் சொன்னால் எல்லோரையும் கழற்றச் சொல்லுங்கள், ஒரு தரப்புப் பசங்களை மட்டும் பிடித்தால் மறுநாளே ஊருக்குள் பேச்சாகிவிடும். இதில் ஆசிரியர்களும் சார்பு எடுப்பதுண்டு. நம்மில் யாராவது "அவங்க பசங்க அப்படித்தான்" என்று ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

பையனிடம் பேசப் போவது அவனுக்குப் பிடித்த ஒருவராக இருக்கட்டும், அது ஆய்வக உதவியாளராக இருந்தாலும் சரி. தனியாக, மைதானத்தில் நடந்துகொண்டே, "சாப்டியாடா தம்பி, அப்பா ஊர்ல இருக்காரா?" என்று தொடங்கினால் போதும். பெரும்பாலும் அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பார்கள், பையன் பாட்டி வீட்டில் இருப்பான். பாட்டியைப் பள்ளிக்கு வரவைத்துத் திட்டுவதால் பயன் இல்லை, அந்த அம்மாவுக்கு அழத்தான் தெரியும். அப்பாவின் நம்பரை வாங்கி இரவு எட்டு மணிக்கு மேல் கூப்பிடுங்கள், முதல் போனில் அவனைப் பற்றி நல்லதாக ஏதாவது ஒன்று சொல்லுங்கள், அடுத்த போனை அவரே செய்வார்.

டி.சி. கொடுத்து அனுப்பிவிடலாம் என்பவர்களுக்கு: எட்டாம் வகுப்பு வரை வெளியேற்றச் சட்டமே அனுமதிக்காது. அதற்கு மேல் வாங்க வைத்தாலும் அவன் எங்கே போவான்? கேட்டுக்கு வெளியே நிற்கிற அந்த பைக் கூட்டத்துக்குத்தான் போவான்.

சிலதை மட்டும் நமக்குள் வைத்துப் பேசி முடிக்கக்கூடாது. கத்தி பிடிபட்டாலோ, ரத்தக் காயம் என்றாலோ காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். பாலியல் சீண்டலை மறைத்தால் போக்சோ சட்டப்படி மறைத்தவர்மேலேயே வழக்கு வரும். வெளியாட்கள் பசங்களை வைத்து கஞ்சா கைமாற்றினால், சிறார் நீதிச் சட்டத்தின் 83-வது பிரிவில் அந்தப் பெரியவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவல் உண்டு, 5 லட்சம் அபராதமும் உண்டு. புகாரில் பையனை முன்னால் நிறுத்தாமல் அந்த ஆளை முன்னால் நிறுத்தி எழுதுங்கள். எந்தக் குழந்தையையும் லாக்கப்பில் வைக்கவோ விலங்கு போடவோ கூடாது, ஸ்டேஷனுக்கு ஒருவர் கூடவே போங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 இரண்டையும் ஒவ்வொரு வகுப்பிலும் பெரிதாக எழுதி வையுங்கள்.

அடுத்த திங்கட்கிழமை மறுபடி உட்காரும்போது, போன வாரம் சமையல் அக்கா சொன்னதை வைத்து என்ன செய்தோம் என்று முதலில் அவரிடம் சொல்லுங்கள். எங்கள் அக்கா அதைக் கேட்ட பிறகுதான், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இன்னும் இரண்டு பையன்கள் போவதைச் சொன்னார்.