ஆய்வுக் கட்டுரைகளைத் தேடக் கற்றுக்கொண்டேன்: என் அனுபவம்

வேலூரில் முதுகலை ஆங்கிலம் இரண்டாம் ஆண்டு படித்தபோது, இந்திய ஆங்கிலப் புதினங்களில் ரயில் பயணம் என்பதை ஆய்வேட்டுக்குத் தலைப்பாக எடுத்தேன். நாள்தோறும் காட்பாடிச் சந்திப்பில் இறங்கி ஏறிய எனக்கு அது மிக நெருக்கமான பொருள். ஆனால் ஆய்விதழ்க் கட்டுரைகளைத் திரட்டி வைத்திருக்கும் ஜேஸ்டோர் (JSTOR) தரவுத்தளத்தில் தலைப்பை முழு வாக்கியமாகத் தட்டச்சு செய்து, முதல் பக்க முடிவுகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்ததால், இரண்டு மாதம் கழிந்தும் பயன்படும் கட்டுரைகள் நான்கைந்துக்கு மேல் சேரவில்லை.

என் நெறியாளர் ஒரு வெள்ளைத் தாளில் நடுவே கோடு கிழித்து, "ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, அதை ஆய்வாளர்கள் எந்தெந்தச் சொல்லால் குறிக்கிறார்கள் என்று கீழே எழுதிக்கொண்டு வாம்மா" என்றார். அப்படி எழுதியபோதுதான் சிக்கல் புரிந்தது. 'டிரெயின்' என்று தேடினால் பயிற்சி பற்றிய கட்டுரைகளும் வந்து குவிகின்றன. பிரிட்டிஷ் வழக்கின் 'ரயில்வே' அமெரிக்க வழக்கில் 'ரெயில்ரோடு' ஆகிறது. பின்காலனியம் சார்ந்த என்று பொருள்படும் 'போஸ்ட்கொலோனியல்' என்பதைச் சிலர் இடைக்கோடு இட்டும் சிலர் இடாமலும் எழுதுகிறார்கள். ஒருபொருட் சொற்களை 'ஆர்' (OR, அல்லது) கொண்டும் வெவ்வேறு கருத்துகளை 'அண்ட்' (AND, மற்றும்) கொண்டும் இணைத்து, சொற்றொடர்களை இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடியபோது, தொடர்பில்லாதவை பெரும்பாலும் விலகின.

அதைவிடவும் உதவியது அடிக்குறிப்புதான். நல்ல கட்டுரை ஒன்று கிடைத்ததும், அதன் அடிக்குறிப்புகள் வழியே பின்னோக்கியும், கூகுள் ஸ்காலர் என்னும் ஆய்வுத் தேடுபொறியில் அதை மேற்கோள் காட்டியவர்களின் பட்டியல் வழியே முன்னோக்கியும் சென்றேன். ஜேஸ்டோரில் பல இதழ்களின் அண்மைய ஆண்டுகள் இருப்பதில்லை என்பதால், முன்னோக்கிய தேடலை விட்டுவிடவே கூடாது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளைச் சோத்கங்கா என்னும் இணையக் களஞ்சியத்தில் கட்டணமின்றிப் படித்தேன். தேடிய சொல், தளம், தேதி மூன்றையும் நோட்டில் குறித்துவந்ததால், ஒரே தேடலை மறுமுறை செய்ய நேரவில்லை.