நம் வானத்துக்கு ஏற்ற ஸ்டார் ட்ரெயில்

ஸ்டார் ட்ரெயில், அதாவது வானில் நகரும் நட்சத்திரங்களைக் கோடுகளாகப் பதிக்கும் படம், என்றதும் பலர் மனதில் வருவது ஒரே காட்சிதான். நடுவானில் துருவ நட்சத்திரம், அதைச் சுற்றி முழுமுழு வட்டங்கள். அப்படிப்பட்ட படங்களில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலோ வட அமெரிக்காவிலோ எடுக்கப்பட்டவை. அங்கே துருவ நட்சத்திரம் 40, 50 டிகிரி உயரத்தில் நிற்கும். நம் பக்கம் அப்படி இல்லை. ஓர் ஊரின் அட்சரேகை எவ்வளவோ, அவ்வளவுதான் அங்கே துருவ நட்சத்திரத்தின் உயரம். சென்னையில் 13 டிகிரி, மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் சுமார் 10, கன்னியாகுமரியில் 8. கையை முழுக்க நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. அடிவானத்திலிருந்து ஒரு முஷ்டி உயரம், அவ்வளவே. ஒரு தென்னந்தோப்போ சின்னக் குன்றோ போதும், துருவ நட்சத்திரம் மறைந்துவிடும்.

அதனால் வெளிநாட்டுக் காணொளியைப் பார்த்துவிட்டு அப்படியே வடக்கே கேமராவைத் திருப்பினால் பாதி வட்டம் மண்ணுக்குள் போய்விடும். எந்தத் திசையில் எடுப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள். மற்ற எல்லாம் அதற்குப் பிறகு.

வடக்கு வேண்டுமென்றால் அடிவானம் திறந்திருக்கும் இடம் தேவை: ஏரிக்கரை, வயல்வெளி, மலைவிளிம்பு. ஏரி என்றால் கூடுதல் லாபம், கீழ்ப்பாதி வட்டம் தண்ணீரில் பிரதிபலிப்பாகக் கிடைக்கும். காற்று இல்லாத இரவாக இருக்க வேண்டும். துருவ நட்சத்திரம் அவ்வளவு பிரகாசமானது அல்ல. பிப்ரவரி முதல் ஜூன் வரை முன்னிரவில் சப்தரிஷி மண்டலத்தின் முன்பக்க இரண்டு நட்சத்திரங்களை இணைத்து, அந்த இடைவெளியைப் போல ஐந்து மடங்கு நீட்டினால் அதைப் பிடித்துவிடலாம். மற்ற மாதங்களில் செல்போன் திசைகாட்டி போதும். நம் பகுதியில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் வித்தியாசம் ஒன்றிரண்டு டிகிரிதான். போனை மட்டும் இரும்பு கேட், கார், ட்ரைபாட் இவற்றிலிருந்து தள்ளி வைத்துப் பாருங்கள்.

நம் அட்சரேகையின் உண்மையான வரம் கிழக்குதான். இங்கே நட்சத்திரங்கள் ஏறக்குறைய செங்குத்தாக எழும். கேமராவைச் சரியாகக் கிழக்கே வைத்தால் நடுவில் கோடுகள் நேராக மேலேறும், இடப்பக்கக் கோடுகள் வடக்கு நோக்கியும் வலப்பக்கக் கோடுகள் தெற்கு நோக்கியும் வளைந்து விரியும். லண்டனில் இருப்பவருக்கு இந்த அமைப்பு கிடைக்காது. மார்கழியில் இரவு எட்டு மணிவாக்கில் கிழக்கே பார்த்தால் ஓரியன் விண்மீன் கூட்டம் ஏறிக்கொண்டிருக்கும். அதன் நடுவிலுள்ள மூன்று நட்சத்திரங்கள் கிட்டத்தட்ட வான நடுக்கோட்டிலேயே (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் போகும் கோடு) இருப்பதால் நேர்க்கோடு போடும். பக்கத்தில் திருவாதிரை தனியாகச் செம்மஞ்சள் கோடு இழுக்கும். ஒற்றைப் பனையையோ கோயில் கோபுரத்தையோ கீழே வைக்க இதைவிட நல்ல பின்னணி கிடையாது.

தெற்கிலும் எடுக்கலாம். தென் துருவப் புள்ளி அடிவானத்துக்குக் கீழே இருப்பதால் அரைவட்டத்துக்கும் குறைவான வளைவுகள் வரும். பிப்ரவரி நடுவில் இரவு ஒன்பது மணி சுமாருக்கு அகத்திய நட்சத்திரம் (கனோபஸ்) தெற்கே தன் அதிகபட்ச உயரத்துக்கு வரும். அந்த ஒற்றை வளைவு மற்ற எல்லாவற்றையும்விடப் பளிச்சென்று தெரியும்.

மாதம், பிறை

தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை மேகம், மேற்குத் தொடர்ச்சி மலையில் ஜூன் முதல் தென்மேற்கு. தினசரி நாட்காட்டியில் அமாவாசையைப் பார்த்து அதற்கு நான்கு நாள் முன்னும் மூன்று நாள் பின்னும் வைத்துக்கொள்ளுங்கள். வளர்பிறை சதுர்த்தி நிலா ஒன்பது மணிக்கு மேல் மறையும். அதுவரை மேற்கிலிருந்து வரும் வெளிச்சம் உங்கள் முன்னணிப் பொருளின் (படத்தின் முன்பகுதியில் வைக்கும் மரம், கோபுரம் போன்றவை) மேல் மெதுவாக விழும், அதில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, நிலா மறைந்தபின் நட்சத்திர வரிசையைத் தொடங்கலாம்.

என்ன வேண்டும்

அமைப்புகளை நாமே வைக்கும் மேனுவல் மோட் உள்ள எந்தக் கேமராவும் போதும். 18–55 கிட் லென்ஸில் 18 மி.மீ., எஃப் 3.5 (லென்ஸ் திறப்பைக் குறிக்கும் எண், எண் சிறியதானால் திறப்பு பெரிது) வைத்தே அருமையான படம் வரும். அசையாத ட்ரைபாட், பூட்டி வைக்கக்கூடிய கேபிள் ரிமோட், முழுதாக ஏறிய இரண்டு பேட்டரி, காலியான 32 ஜிபி கார்டு. 24 மெகாபிக்சல் ரா கோப்பு (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் மூலப் படம்) ஒன்று சுமார் 25 முதல் 30 எம்பி. இரண்டு மணி நேரத்துக்கு 220 படத்துக்கு மேல் சேரும், அதாவது ஆறேழு ஜிபி. மிரர்லெஸ் கேமராவுக்குப் பவர் பேங்க் இணைப்பு இருந்தால் பேட்டரி மாற்றும் தொல்லை இல்லை. மாற்றும்போதுதான் ட்ரைபாட் தலை ஒரு மயிரிழை நகர்ந்து, இரண்டு பாதிக் கோடுகளும் ஒட்டாமல் போகும்.

ஒரே ஒரு படத்தை இரண்டு மணி நேரம் திறந்து வைத்து எடுப்பது ஃபிலிம் காலத்து முறை. டிஜிட்டலில் சென்சார் சூடாகிப் புள்ளிகள் நிறையும், வானம் வெளுக்கும், கடைசி நிமிடத்தில் ஒரு பைக் ஹெட்லைட் பட்டால் மொத்தமும் வீண். 30 விநாடிப் படங்களை இடைவிடாமல் எடுத்து, பிறகு கணினியில் அடுக்குவதே சரி.

எக்ஸ்போஷர் கணக்கு

எக்ஸ்போஷர் என்பது படத்துக்குள் விடும் வெளிச்சத்தின் அளவு. இதைப் புரிந்துகொண்டால் எந்த ஊரிலும் எடுக்கலாம். நட்சத்திரம் நகர்ந்துகொண்டே இருக்கிறது, மணிக்கு 15 டிகிரி. 18 மி.மீ. லென்ஸும் 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி அளவு சென்சாரும் இருந்தால், வான நடுக்கோட்டு நட்சத்திரம் ஒரு பிக்சலைக் கடக்கச் சுமார் 3 விநாடி. ஷட்டரை (வெளிச்சத்தை உள்ளே விடும் கதவு) 10 விநாடி திறந்தாலும் 30 விநாடி திறந்தாலும் அந்தப் பிக்சலுக்கு நட்சத்திர வெளிச்சம் கிடைப்பது அந்த 3 விநாடிதான். ஆகவே ஷட்டர் நேரத்தைக் கூட்டினால் கோடு பிரகாசமாகாது, நீளமாகும். பிரகாசமாவது வானமும் முன்னணியும் மட்டுமே.

கோடு மங்கலா? அபெர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, பெரிதாக்குங்கள், அல்லது ஐஎஸ்ஓவை, அதாவது ஒளி உணர்திறன் எண்ணை, கூட்டுங்கள். வானம் வெளுக்கிறதா? ஷட்டர் நேரத்தைக் குறையுங்கள். அடுக்கும்போது மென்பொருள் ஒவ்வொரு பிக்சலிலும் இருப்பதிலேயே பிரகாசமானதை மட்டும் எடுத்துக்கொள்ளும், கூட்டிப் போடாது. 200 படம் அடுக்கினாலும் வானம் ஒற்றைப் படத்தில் இருந்த அளவில்தான் இருக்கும். இந்த ஒரு காரணத்தால்தான் சென்னை மொட்டைமாடியிலும் ஸ்டார் ட்ரெயில் சாத்தியம்: எஃப் 4, ஐஎஸ்ஓ 400, 8 முதல் 10 விநாடி. ஜவ்வாது மலை போன்ற இருண்ட இடத்தில் எஃப் 2.8 அல்லது 3.5, ஐஎஸ்ஓ 800 முதல் 1600, 30 விநாடி. காவலூர் வானாய்வகம் அந்த மலையில் அமைந்ததற்கு அங்குள்ள இருள் ஒரு முக்கியக் காரணம். ஐஎஸ்ஓவைக் கண்மூடித்தனமாக ஏற்றாதீர்கள். பிரகாசமான நட்சத்திரங்கள் பிரகாசம் மிஞ்சி வெள்ளையாகிவிட்டால் திருவாதிரையின் சிவப்பும் ஓரியனின் இன்னொரு நட்சத்திரமான ரீகலின் நீலமும் போய், எல்லாம் ஒரே வெள்ளைக் கீறலாகும்.

தளத்தில் செய்யும் வரிசை

சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். இருட்டில் முன்னணியை அமைக்க முடியாது. ட்ரைபாட்டின் நடுத்தண்டை உயர்த்த வேண்டாம். மணலாக இருந்தால் கால்களுக்கு அடியில் தட்டையான கல் வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் மெல்ல இறங்கும். கேமரா வாரைக் கழற்றிவிடுங்கள், காற்றில் படபடக்கும்.

முன்னணிப் பொருள் ஐந்து மீட்டருக்கு அப்பால் இருக்கட்டும். 18 மி.மீ., எஃப் 3.5 வைத்தால் அந்தத் தூரத்திலிருந்து நட்சத்திரம் வரை எல்லாம் கூர்மையாக வரும்.

ஃபோகஸ்: ஆட்டோவை அணைத்து, லைவ் வியூவில் (கேமராத் திரையில் நேரடியாகத் தெரியும் காட்சி) பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைப் பத்து மடங்கு பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும்வரை வளையத்தைத் திருப்புங்கள். லென்ஸில் போட்டிருக்கும் முடிவிலிக் குறியை நம்ப வேண்டாம், பல லென்ஸ்கள் அதைத் தாண்டியும் திரும்பும். நட்சத்திரம் வருவதற்கு முன்பே வேலையை முடிக்க நினைத்தால் தூரத்தில் எரியும் செல்போன் டவரின் சிவப்பு விளக்கு நல்ல இலக்கு. பிறகு ஃபோகஸ் வளையத்தையும் ஜூம் வளையத்தையும் டேப் போட்டு ஒட்டுங்கள். கிட் லென்ஸை மேல்நோக்கிச் சாய்த்தால் ஜூம் தானாகச் சரியக்கூடும்.

சூரியன் மறைந்து 20 முதல் 30 நிமிடத்துக்குள், ஐஎஸ்ஓ 100இல் முன்னணிக்காக மூன்று நான்கு படங்களை வெவ்வேறு எக்ஸ்போஷரில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு போட்ட கோபுரம் என்றால் அதற்கென்று அரை விநாடி, கால் விநாடிப் படமும் வேண்டும். 30 விநாடியில் சுதைச் சிற்பம் ஒன்றுகூட மிஞ்சாது. அதன்பின் கேமராவைத் தொட்டு நகர்த்தக் கூடாது.

நட்சத்திர வரிசையை அவசரப்பட்டுத் தொடங்காதீர்கள். நம் பகுதியில் சூரியன் மறைந்து சுமார் 75 நிமிடம் ஆனபின்தான் வானம் முழுதாக இருளும். அந்தி வெளிச்சம் இருக்கும் பத்துப் படம் கலந்தாலும், பிரகாசமானதை எடுக்கும் விதிப்படி மொத்த வானமும் அந்த வெளுப்பையே ஏற்றுக்கொள்ளும்.

கடைசியாக அமைப்புகள். ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) 4000 கெல்வினில் நிலையாக. லென்ஸின் அதிர்வுத் தடுப்பு அணைந்திருக்க வேண்டும். படம் எடுத்ததும் திரையில் காட்டும் வசதி வேண்டாம். லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷனைக் கட்டாயம் அணையுங்கள். அது இருந்தால் ஒவ்வொரு 30 விநாடிப் படத்துக்கும் பிறகு கேமரா இன்னொரு 30 விநாடி மூடிய ஷட்டரோடு உட்கார்ந்திருக்கும், கோடு விட்டுவிட்டு வரும். டிரைவ் மோடைத் தொடர் படப்பிடிப்பில் வைத்து ரிமோட் பொத்தானை அழுத்திப் பூட்டினால் போதும், கேமரா தானே ஓடும்.

இன்டர்வலோமீட்டர் (குறித்த இடைவெளியில் தானே படம் எடுக்கவைக்கும் கருவி) வைத்து எடுப்பவர்கள் அடிக்கடி விழும் பள்ளம் ஒன்று உண்டு. பல கேமராக்களில் 30 விநாடி என்று எழுதியிருப்பது நடைமுறையில் 32 விநாடி. ஷட்டர் நேரங்கள் 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துப் போவதுதான் காரணம். நீங்கள் 31 விநாடி இடைவெளி கொடுத்தால் அடுத்த கட்டளை வரும்போது கேமரா இன்னும் முந்தைய படத்திலேயே இருக்கும், அந்தக் கட்டளையைத் தவறவிடும், ஒன்றுவிட்டு ஒரு படம்தான் கிடைக்கும். 33 அல்லது 34 கொடுங்கள். ஒரு விநாடி இடைவெளி அகலக் கோண லென்ஸில் ஒரு பிக்சலுக்கும் குறைவு, கண்ணுக்குத் தெரியாது. ஐந்து விநாடி என்றால் பெரிதாக்கிப் பார்க்கும்போது கோடு புள்ளிக்கோடாகும்.

எவ்வளவு நேரம்? வட்டங்களுக்கு இரண்டு மணி நேரமாவது, அதாவது 30 டிகிரி. கிழக்கின் செங்குத்துக் கோடுகளுக்கு 45 நிமிடமே அழகு. அதற்கு மேல் போனால் கோடுகள் நெருங்கி, வானமே தெரியாமல் போகும்.

பனி

மார்கழி, தை மாதங்களில் படத்தைக் கெடுப்பதில் மேகத்துக்கு அடுத்தது பனிதான். ஒரேயடியாகத் தெரியாது. நூறாவது படத்திலிருந்து நட்சத்திரங்கள் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும், வீட்டுக்கு வந்து பார்த்தால் கடைசி ஒரு மணி நேரம் பஞ்சாக இருக்கும். யூஎஸ்பி டியூ ஹீட்டர் பட்டையை லென்ஸின் முன்பகுதியில் சுற்றி, பனி படியும் முன்பே, ஆரம்பத்திலிருந்தே குறைந்த சூட்டில் ஓட விடுங்கள். பட்டை இல்லையென்றால் லென்ஸ் ஹூட் சிறிது நேரம் தாக்குப்பிடிக்கும். நடுவில் துடைக்க முயன்றால் கேமரா நகர்ந்துவிடும்.

முடிக்கும் முன் லென்ஸ் மூடியைப் போட்டு, அதே அமைப்பில் ஐந்தாறு இருட்டுப் படங்கள் எடுங்கள். சென்சாரின் சூட்டுப் புள்ளிகளைக் கழிக்க அவை உதவும்.

மலையிலும் காட்டோரத்திலும் இரவு தங்க வனத்துறை அனுமதி தேவைப்படலாம், முன்கூட்டியே கேளுங்கள். யானை நடமாட்டம் உள்ள தடத்தில் எந்தப் படமும் வேண்டாம். ஊர் ஓரம் என்றால் பக்கத்துத் தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்காருங்கள். நடுராத்திரி டார்ச் அடித்து விசாரிக்க யாரும் வராமல் இருந்தால் படமும் பிழைக்கும்.

அடுக்குதல்

லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் ஒரு படத்தைச் சரிசெய்து அதே மாற்றத்தை எல்லாவற்றுக்கும் கொடுத்து, முழு அளவு ஜேபெக்காக ஏற்றுமதி செய்யுங்கள். ஸ்டார்ஸ்டாக்ஸ் என்ற இலவச மென்பொருள் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். படங்களையும் இருட்டுப் படங்களையும் அதில் இழுத்துப் போட்டு, கலவை முறையில் கேப் ஃபில்லிங்கைத் தேர்ந்தால் சிறு இடைவெளிகளையும் அதுவே நிரப்பும். ஃபோட்டோஷாப்பில் செய்வதானால் எல்லா லேயரையும் (ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய படங்களை) பிரகாசமானதை மட்டும் எடுக்கும் லைட்டன் முறைக்கு மாற்றுங்கள். 200 லேயரை ஒன்றாகத் திறந்தால் சாதாரணக் கணினி திணறும், ஐம்பது ஐம்பதாகச் செய்து பின் அந்த நான்கையும் சேருங்கள்.

விமானக் கோடு விழுந்த படத்தைத் தூக்கி எறிய வேண்டாம், எறிந்தால் இடைவெளி விழும். அந்தப் படத்தில் விமானம் போன தடத்தின் மேல் மட்டும் கறுப்பு பிரஷ்ஷால் மெல்லிய கோடு போடுங்கள். லைட்டன் முறையில் கறுப்பு எதையும் சேர்க்காது, நட்சத்திரக் கோடும் அதிகம் அறுபடாது. கடைசியில் அந்தியில் எடுத்த முன்னணியை மாஸ்க் (வேண்டிய பகுதியை மட்டும் காட்டும் மறைப்பு) வைத்து இணையுங்கள். வானத்தைவிட முன்னணி ஒரு ஸ்டாப் (அதாவது பாதி வெளிச்சம்) இருட்டாக இருந்தால்தான் இரவாகத் தெரியும்.

படத்தைப் பகிரும்போது கூடவே இவற்றை எழுதுங்கள்: இடம், தேதி, திசை, லென்ஸ், அபெர்ச்சர், ஐஎஸ்ஓ, எத்தனை படம், மொத்த நேரம். முன்னணி தனியாக, வேறு நேரத்தில் எடுத்தது என்றால் அதையும் சொல்லுங்கள். "கிழக்கு, 18 மி.மீ., எஃப் 3.5, ஐஎஸ்ஓ 800, 30 விநாடி, 90 படம், முன்னணி சூரியன் மறைந்து 25 நிமிடத்தில்" என்று ஒரு வரி இருந்தால், அதே ஏரிக்கரைக்கு அடுத்த அமாவாசைக்குப் போகிறவர் எங்கே ட்ரைபாட் வைப்பது, எத்தனை மணிக்குத் தொடங்குவது என்று தானே கணக்குப் போட்டுக்கொள்வார்.