பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்பவர்கள் செய்யும் தவறுகள்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஏப்ரல் மாதம், தாடை வலி தாங்காமல் பல் டாக்டரிடம் போனேன். சொத்தைப்பல் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். வாயைத் திறந்து பார்த்தவர், கடைவாய்ப் பற்களின் மேடு தேய்ந்து மொழுக்கென்று இருப்பதைக் கண்ணாடியில் காட்டினார். "ராத்திரி தூக்கத்துல பல்லைக் கடிக்கிறீங்களா?" எனக்கு எப்படித் தெரியும்? "சரி, போன மாசம் வேலை ஜாஸ்தியோ?" நான் கணக்குப் பிரிவில் இருப்பவன். மார்ச் என்றால் வருடக் கணக்கு முடிக்கும் மாதம். "ஆமா டாக்டர், பல்லைக் கடிச்சுக்கிட்டு முடிச்சுட்டேன்" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

வயிற்றில் புளியைக் கரைக்கிறது, தொண்டையை அடைக்கிறது, கை கால் வெலவெலக்கிறது, மூச்சு முட்டுகிறது. இவற்றையெல்லாம் நாம் பேச்சுக்குச் சொல்வதாக நினைத்துக்கொள்கிறோம். 1890களின் கடைசியில் அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன், பூனையின் இரைப்பை வேலை செய்வதை எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டிருந்தார். பூனை மிரண்டால் இரைப்பையின் அசைவு அப்படியே நின்றுபோனது. ஆபத்து என்று மூளை முடிவு செய்தால் அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமெடுக்கும், குடலுக்குப் போகும் ரத்தம் குறைந்து தசைகளுக்குத் திரும்பும். எதிரில் நிற்பது புலியா மேனேஜரா என்று உடம்பு பிரித்துப் பார்ப்பதில்லை. புலி என்றால் ஐந்து நிமிடத்தில் ஒரு முடிவு தெரிந்துவிடும், மேனேஜர் மாலை ஆறு மணி வரை இருப்பார்.

வெறும் கேஸ், வெறும் டென்ஷன்

நம் ஊரில் மார்புக்கும் தொப்புளுக்கும் நடுவே என்ன நடந்தாலும் அதற்குப் பெயர் கேஸ். ஓமத் தண்ணீர், சோடா, மெடிக்கல் ஷாப்பில் ஒரு மாத்திரை. கவலையால் நெஞ்செரிச்சலும் உப்புசமும் கூடுவது உண்மைதான். அப்படி வந்தது என்றால் மாத்திரை கொஞ்ச நேரம் தாங்கும், மறுநாள் அதே நேரத்துக்கு அதே எரிச்சல் வந்து நிற்கும். எத்தனை மாத்திரை போட்டோம் என்பது நமக்கு நினைவிருக்கும். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்பது இருக்காது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் தவறாமல் வருகிற கேஸ் சாப்பாட்டிலிருந்து வருவதாக நான் நம்பமாட்டேன்.

இதற்கு நேர் எதிரான தவறுதான் ஆபத்தானது. எதுவானாலும் 'டென்ஷன்' என்று தள்ளிவிடுவது. முக்கியமாக வீட்டுப் பெண்கள் படபடப்பு என்று சொன்னால், "எதையும் மனசுல போட்டுக்காத, சரியாயிடும்" என்று ஒரு வரியில் கேஸை மூடிவிடுகிறோம். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், தூக்கம் போகும். ரத்தசோகையிலும் நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். மாரடைப்பே பெண்களுக்குச் சில நேரம் சினிமாவில் வருவது போல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வராமல், முதுகு வலி, தாடை வலி, குமட்டல், காரணமில்லாத களைப்பு என்று வரும். நீண்ட நாள் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வலியே தெரியாமலும் போகலாம். நெஞ்சில் பாரம், வியர்வை, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி இருந்தால் அது மனசா உடம்பா என்று வீட்டில் உட்கார்ந்து பட்டிமன்றம் நடத்தக் கூடாது. 108-ஐக் கூப்பிட வேண்டும். மற்ற விசாரணையெல்லாம் இ.சி.ஜி. எடுத்த பிறகு.

கல்யாணம் முடிந்ததும் படுத்துக்கொள்கிறவர்கள்

பெரும்பாலானவர்களுக்குத் தெரியாமல் போவது இந்தக் கால இடைவெளிதான். பெண் கல்யாணத்துக்கு ஆறு மாதம் ஓடியாடிய அம்மா, பந்தலைப் பிரிக்கும் வரை தும்மக்கூட மாட்டார். மறுவீடு முடிந்த மறுநாள் படுத்துவிடுவார். "ஊர்க்கண்ணு பட்டுடுச்சு" என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவார்கள். சுற்றிப் போடட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் நெருக்கடியில் உடம்பு ஒரு அவசர ஏற்பாட்டில்தான் ஓடுகிறது. அது தளரும்போது, அதுவரை தள்ளிவைத்த களைப்பும் வலியும் மொத்தமாக வந்து நிற்கின்றன. வாரம் முழுக்க வேலையில் ஓடும்போது ஒன்றும் இல்லாமல் இருந்துவிட்டு சனிக்கிழமை காலையில் ஒற்றைத் தலைவலி வருகிறவர்களும் இந்த வகையில் உண்டு. விடுமுறை நாளில் காபி குடிக்கும் நேரம் தள்ளிப்போவதும் அதற்கு ஒத்தாசை செய்யும்.

முடி இன்னும் தாமதமாகப் பேசும். கடுமையான காய்ச்சல், பிரசவம், வீட்டில் ஒரு சாவு என்று பெரிய அடி விழுந்தால், முடிவேர்களில் நிறைய ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் சீப்பில் கொத்துக்கொத்தாக வரும். அதற்குள் நாம் பழையதை மறந்து, ஷாம்பூவையும் போர் தண்ணீரையும் திட்டிக்கொண்டிருப்போம். இப்படி உதிர்வது பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே நின்று திரும்ப முளைக்கும். அந்த மாதங்களில்தான் எண்ணெய் வியாபாரிகள் பேர் வாங்குகிறார்கள்.

நாமே செய்யும் கைவைத்தியம்

களைப்புக்கு மாலை ஐந்து மணிக்கு ஸ்ட்ராங்காக ஒரு காபி. அதிலுள்ள காஃபினில் பாதி உடம்பைவிட்டுப் போகவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும், மீதிப் பாதியோடுதான் பத்து மணிக்குப் படுக்கிறோம். தூக்கம் வர ஒரு பெக் போடுகிறவர்களுக்குத் தூக்கம் சீக்கிரம் வரும், பின்னிரவில் கலைந்துவிடும். தலைவலிக்கு மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ சாதாரண வலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கி வந்தால், அந்த மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடலாம். இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது, "எனக்கு நல்லா கேட்டுச்சு" என்று பக்கத்து வீட்டு அக்கா அன்போடு எடுத்துத் தரும் தூக்க மாத்திரை. அல்பிரசோலம் போன்றவை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. சீக்கிரம் பழகிவிடும். தொடர்ந்து எடுத்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் பதற்றம் முன்னைவிட மோசமாகும், வலிப்புகூட வரலாம்.

உடம்பைக் கேள் என்றால் இருபத்து நாலு மணி நேரமும் காதை வைத்துக்கொண்டிருப்பது என்று எடுத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். ஸ்மார்ட் வாட்சில் நாடித்துடிப்பு 92 என்றதும் பயம், பயத்தில் 104, அதைப் பார்த்து இன்னும் பயம். வேகவேகமாக மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து உதடும் விரல் நுனியும் மரத்துப்போகும். பக்கவாதம் என்று அலறுவார்கள். இப்படிப்பட்ட திடீர்ப் பதற்றம் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்கும். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கினால் இறங்குவது எளிது. காகிதப் பையில் மூச்சு விடச் சொல்லும் பழைய யோசனை வேண்டாம். உள்ளே இருப்பது ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ என்றால் விபரீதமாகிவிடும்.

டாக்டரிடம் பாதியை மட்டும் சொல்வது

"தலைவலி டாக்டர்" என்று சொல்வோம். வீட்டில் அப்பா படுக்கையில் இருப்பதையும், நான்கு மாதமாக இரவில் இரண்டு முறை எழுந்து அவரைப் புரட்டிப் படுக்க வைப்பதையும் சொல்லமாட்டோம். அது டாக்டருக்கு எதற்கு என்று நமக்கு ஒரு கூச்சம். அவரும் டோக்கன் கூட்டத்தில் கேட்பதில்லை. ரிப்போர்ட் நார்மல் என்று வரும். நார்மல் என்றால் அந்தப் பரிசோதனையில் தேடியது இல்லை என்றுதான் பொருள், வலி பொய் என்று இல்லை. நம் ஆட்கள் இதைக் கேட்டு ஒன்று அவமானப்படுவார்கள், அல்லது இன்னொரு ஸ்கேனுக்குக் கிளம்புவார்கள். ஒரு துண்டுச் சீட்டில் பத்து நாளைக்கு நாள், மணி, அதற்கு முன் என்ன நடந்தது என்று எழுதிக்கொண்டு போங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, எதிலும் பிடிப்பு எல்லாம் போய்விட்டால் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். நேரில் போகத் தயக்கம் என்றால் அரசின் டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

பல் டாக்டர் எனக்கு இரவில் மாட்டிக்கொள்ள ஒரு பல் கவசம் செய்து கொடுத்தார். வருடத்தில் பாதி நாள் அது டப்பாவிலேயே கிடக்கும். பிப்ரவரி கடைசியில் தாடை லேசாக இறுகத் தொடங்கும்போது அதை எடுத்துக் கழுவி வைக்கிறேன். கூடவே, "இந்த வருஷம் சரிபார்க்கிற வேலைக்கு இன்னொரு ஆள் வேணும் சார்" என்று மேனேஜரிடம் கேட்டும் வைக்கிறேன். போன வருடம் கொடுத்தார்.