தானாக ரீஸ்டார்ட் ஆகும் கேமிங் கணினி: பாகம் மாற்றுமுன் காரணத்தைப் பிடிப்பது எப்படி?

கேம் நடுவில் திரை சட்டென்று கறுக்கிறது. ஃபேன்கள் ஒருமுறை அடங்கி மறுபடி சுற்ற, விண்டோஸ் முதலிலிருந்து எழும்புகிறது. யாரிடம் கேட்டாலும் "பவர் சப்ளை போயிட்டுது, மாத்துங்கோ" என்பார்கள். அதுவாகவும் இருக்கலாம். ஆனால் ராம் செட்டிங், சிக்கிக்கொண்ட ரீசெட் பொத்தான், தளர்ந்த பிளக், வீட்டுக் கிணற்று மோட்டர் என்று எதுவும் இதே அறிகுறியைத் தரும். திருகோணமலையில் இருப்பவர்கள் வாரன்டிக்கு ஒரு பாகத்தை அனுப்புவதென்றால் பெரும்பாலும் கொழும்புக்குத்தான், 250 கிலோமீற்றருக்கு மேல். அங்கே பூட்டிப் பார்த்துவிட்டு "நல்லாத்தானே வேலை செய்யுது" என்று திருப்பி அனுப்பினால் போக்குவரத்துக் காசும் இரண்டு கிழமையும் வீண். அதனால் முதலில் ஆதாரம், பிறகு பாகம்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். செய்தபின் அதே கேமை அதே அளவு நேரம் விளையாடிப் பார்த்துக் குறித்துவையுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது சரிப்படுத்தியது என்று தெரியாமலே போய்விடும்.

படி 1: விண்டோஸ் என்ன எழுதி வைத்திருக்கிறது?

நீலத்திரை (பெரும் பிழையில் விண்டோஸ் காட்டும் திரை, புதிய விண்டோஸ் 11 இல் கறுப்பு) வந்தாலும் விண்டோஸ் உடனே ரீஸ்டார்ட் செய்துவிடுவதால் பலர் அதைப் பார்ப்பதேயில்லை. ஸ்டார்ட் மெனுவில் "அட்வான்ஸ்ட் சிஸ்டம் செட்டிங்ஸ்" என்று தேடித் திறந்து, "ஸ்டார்ட்அப் அண்ட் ரிகவரி" பகுதியில் செட்டிங்ஸை அழுத்தி, "ஓட்டோமெட்டிக்கலி ரீஸ்டார்ட்" என்பதில் உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். இனி மென்பொருள் அல்லது டிரைவர் கோளாறு என்றால் நீலத்திரை அப்படியே நிற்கும். அதையும் மீறி ரீஸ்டார்ட் ஆனால், மின்சாரம் அல்லது வன்பொருள் பக்கம் பாருங்கள்.

அடுத்து விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்து விண்டோஸ் லொக்ஸ், சிஸ்டம் என்று போங்கள். அங்கே கெர்னல்-பவர் 41 என்று ஒரு பதிவு இருக்கும். அதைக் கண்டதும் பவர் சப்ளை வாங்க ஓட வேண்டாம். கணினி முறையாக அணைக்கப்படவில்லை என்பதை மட்டுமே அது சொல்கிறது. கரண்ட் போனாலும் இதேதான் வரும். அதன் டீடெய்ல்ஸ் பக்கத்தில் உள்ள "பக்செக் கோட்" எண்தான் முக்கியம். 0 என்றால் நீலத்திரை எழும்பக்கூட நேரமில்லாமல் நின்றிருக்கிறது. 278 என்றால் கிராபிக்ஸ் கார்ட் அல்லது அதன் டிரைவர் பதில் தரவில்லை. 292 என்றால் புரொசசரே வன்பொருள் பிழையை அறிவித்திருக்கிறது. அதோடு வியா-லொக்கர் (WHEA-Logger) 18 என்ற பதிவும் இருக்கிறதா பாருங்கள். 1074 மட்டும் இருந்தால் விண்டோஸ் அப்டேட் போன்ற ஒரு புரோகிராம் கேட்டு நடந்த ரீஸ்டார்ட். அதில் பழுது இல்லை.

படி 2: சுவரிலிருந்து வரும் கரண்ட்

ரீஸ்டார்ட் ஆன நேரங்களை மேலே பார்த்த பதிவில் இருந்து எழுதி எடுங்கள். தண்ணீர் மோட்டர் போட்ட நேரம், ஐயன் (இஸ்திரிப்பெட்டி) போட்ட நேரம் என்று ஒத்துப்போகிறதா? மோட்டர் ஓடத் தொடங்கும்போது அறை லைட் ஒரு கணம் மங்கினால் வோல்டேஜ் இறங்குகிறது என்று அர்த்தம். கணினிப் பவர் சப்ளைகளுக்கான அட்டெக்ஸ் (ATX) அளவுகோலின்படி நல்ல பவர் சப்ளை ஏறத்தாழ 16 மில்லிசெக்கன் இடைவெளியைத் தாங்கும். மலிவானவை பல தாங்காது.

யூபிஎஸ் வைத்திருப்பவர்கள் அதையும் சந்தேகியுங்கள். 650 விஏ யூபிஎஸ் தருவது பொதுவாக 360 முதல் 390 வாட் வரைதான். கேம் ஓடும்போது கணினியும் மொனிட்டரும் சேர்ந்து அதைத் தாண்டலாம். பற்றரி கிழடாகியிருந்தால், கரண்ட் ஒருமுறை மினுங்கியதுமே எல்லாம் அணைந்துவிடும். எக்ஸ்டென்ஷன், யூபிஎஸ், அடாப்டர் எல்லாவற்றையும் விலக்கி, இறுக்கமான மூன்று பின் பிளக் பொயின்டில் நேரே கொழுவி ஒருநாள் பாருங்கள். இடி மின்னல் இருக்கும் நாளில் இதைச் செய்ய வேண்டாம்.

படி 3: பெட்டியைத் திறந்து பார்த்தல்

வயரைக் கழற்றி, பவர் பொத்தானைப் பத்து செக்கன் அழுத்திப் பிடித்தபின் திறவுங்கள். மதர்போர்டின் 24 பின் இணைப்பையும் புரொசசருக்கான 8 பின் இணைப்பையும் கழற்றி, கொக்கி "டிக்" என்று விழும்வரை மீண்டும் அழுத்துங்கள். கிராபிக்ஸ் கார்டில் இரண்டு 8 பின் வாய்கள் இருந்தால், ஒரே வயரின் இரண்டு தலைகளைப் போடாமல் தனித்தனி வயர் இழுங்கள்.

உப்புவெளி, நிலாவெளி போன்ற கரையோரத்தில் உப்புக்காற்று உலோகத்தைத் தின்னும். ராமைக் கழற்றி, தங்க நிறப் பற்களை வெளிச்சத்தில் பாருங்கள். மங்கல் படிந்திருந்தால் ஐசோபுரொபைல் அல்ககோலில் நனைத்த துணியால் ஒரே திசையில் துடைத்து, காய்ந்ததும் பூட்டுங்கள். நான்கு வாய் உள்ள பெரும்பாலான போர்டுகளில் இரண்டு ராம்களும் புரொசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் இருக்க வேண்டும்.

அடுத்தது பலர் தவறவிடும் சோதனை. முன்பலகையிலிருந்து வரும் சிறு வயர்களில் "ரீசெட்" என்று எழுதியதை மதர்போர்டிலிருந்து கழற்றிவிடுங்கள். துருப்பிடித்த அல்லது சிக்கிக்கொண்ட பொத்தான், விரல் படாமலே ரீசெட் கொடுக்கும். அந்த வயர் இல்லாமலே கணினி வேலை செய்யும், சோதனைக்குச் செலவும் இல்லை.

படி 4: ராம்

பயோஸில் (விண்டோஸுக்கு முன் திறக்கும் மதர்போர்ட் செட்டிங் திரை) எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற ராம் வேகமூட்டும் செட்டிங் போட்டிருந்தால் நிறுத்திவிட்டு விளையாடுங்கள். பிரச்சினை நின்றால் ராம் பழுது என்று முடிவுகட்ட வேண்டாம். 3600 வேகத்தில் தடுமாறுவது 3200 இல் உறுதியாக ஓடலாம். நிற்காவிட்டால் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஐ யூஎஸ்பியில் ஏற்றி நான்கு சுற்று ஓடவிடுங்கள். 16 ஜிபிக்குச் சில மணித்தியாலம் எடுக்கும். ஒரே ஒரு பிழை வந்தாலும் ஏற்கக்கூடாது. பிறகு ஒவ்வொரு ராமையும் தனியே போட்டு எது என்று பிடியுங்கள்.

படி 5: சூடு

கச்சான் என்ற வெப்பமான தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் சந்தேகம் இங்கேதான் முதலில் போகும். ஆனால் சூடேறிய புரொசசர் முதலில் வேகத்தைக் குறைக்கும், எல்லை தாண்டினால் அணைந்துவிடும். ரீஸ்டார்ட் ஆவது அரிது. வெப்பநிலையைப் பதியும் எச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) புரோகிராமில் லொக்கிங்கைத் தொடங்கிவிட்டு விளையாடுங்கள். நின்ற கணத்துக்குச் சற்று முந்தைய வெப்பநிலை கோப்பின் கடைசி வரிகளில் இருக்கும். 80 டிகிரியில் நின்றிருந்தால் சூட்டை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

படி 6: பவர் சப்ளையா, கிராபிக்ஸ் கார்டா?

மாற்றுப் பாகம் இல்லாமலே இதைச் சோதிக்கலாம். கிராபிக்ஸ் கார்டைக் கட்டுப்படுத்தும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பேர்னர் புரோகிராமில் பவர் லிமிட்டை 70 சதவீதமாக இறக்கி, கேமில் ஃபிரேமை 60 ஆகக் கட்டுப்படுத்துங்கள். ரீஸ்டார்ட் நின்றுவிட்டால் சுமைதான் காரணம், பவர் சப்ளையை முதலில் சந்தேகியுங்கள். ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்டின் கணக்கு 320 வாட். ஆனால் சில மில்லிசெக்கன்களுக்கு அது அதைவிட மிக அதிகம் இழுக்கும். என்விடியா அதற்கு 750 வாட் பவர் சப்ளை கேட்பது சும்மா அல்ல. 2022 இல் வந்த அட்டெக்ஸ் 3.0 அளவுகோல் இந்தத் திடீர் உதைப்பையும் தாங்கச் சொல்கிறது. புதிது வாங்கினால் அதையே பாருங்கள்.

பழைய பவர் சப்ளையின் கழற்றும் வயர்களைப் புதியதில் பூட்டவே வேண்டாம். வாய் பொருந்தினாலும் உள்ளே பின் ஒழுங்கு கம்பனிக்குக் கம்பனி மாறும், ஹார்ட்டிஸ்க் கருகிவிடும். பவர் சப்ளையின் மூடியையும் திறக்காதீர்கள். வயரைக் கழற்றிய பின்னும் உள்ளே ஆபத்தான மின்சாரம் தேங்கி நிற்கும்.

படி 7: புரொசசர்

ஏஎம்டியின் ரைசன் புரொசசர் உள்ள கணினி சும்மா இருக்கும்போது மட்டும் ரீஸ்டார்ட் ஆனால், பயோஸில் "பவர் சப்ளை ஐடில் கொன்ட்ரோல்" என்பதை "டிப்பிக்கல் கரன்ட் ஐடில்" ஆக்குங்கள். இன்டெல் 13, 14 ஆம் தலைமுறை டெஸ்க்டொப் ஐ7, ஐ9 என்றால் பயோஸ் அப்டேட் கட்டாயம். வோல்டேஜ் கோளாறுக்கு இன்டெல் 2024 இல் மைக்ரோகோட் (பயோஸ் வழியே புரொசசருக்குப் போகும் உள்மென்பொருள்) திருத்தம் வெளியிட்டு, வாரன்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. ஏற்கனவே கெட்டுப்போன புரொசசரை அப்டேட் குணப்படுத்தாது, மாற்றித்தான் வாங்க வேண்டும். அப்டேட் நடுவில் கரண்ட் போனால் போர்ட் செத்துவிடலாம். யூபிஎஸ் இரவல் வாங்கியாவது செய்யுங்கள்.

பழுதான பாகம் எதுவென்று உறுதியானதும், பக்செக் எண், மெம்டெஸ்ட் படம், எந்தச் சோதனையில் நின்றது என்பதை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். முழுக் கணினியையும் பஸ்ஸில் ஏற்றுவதென்றால் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியே பொதிசெய்யுங்கள். இன்டெல் மதர்போர்டை மட்டும் அனுப்பினால் சொக்கெட்டின் பிளாஸ்டிக் மூடியைப் போட மறக்க வேண்டாம். பின் வளைந்திருந்தால் வாரன்டியை ஏற்க மாட்டார்கள்.